நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டாக்டர் மதுசூதனன் வேலியை நகர்த்துகிறார்.

எப்போது நகர்த்துகிறார் என்று பார்க்க முடியவில்லை. நான் கீழே விழுந்த பகடையை எடுக்கக் குனியும்போதாக இருக்கலாம். காபி வந்ததும் எல்லோரும் தட்டின் பக்கம் திரும்பும்போதாக இருக்கலாம். ஆனால் நகர்த்துகிறார். ஆட்டத்துக்கு முன்னால் அந்த வேலியை மேசைமேல் வைத்தவள் நான். ஆற்றுக்கும் வேலிக்கும் நடுவே இரண்டு படைக்கும் ஒரே அளவு, நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று அவர்தான் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஸ்கேல் பிடித்து அளந்து வைத்தேன். என் காலாட்படையில் எட்டுப் பிரிவுகள். ஒரு பிரிவின் அகலம் ஆறு சென்டிமீட்டர். எட்டு ஆறு நாற்பத்தெட்டு. இரண்டாம் வகுப்புக் கணக்கு. இன்று ஏழுதான் நின்றன. எட்டாவது வேலியில் முட்டியது.

முட்டிய பிரிவைப் பின்னால் நிறுத்தினேன். வேலி ஓரம் சந்து விழுந்தது. அந்தச் சந்து வழியாக அவருடைய குதிரைகள் உள்ளே வந்து என் துப்பாக்கிக்காரர்களை முதுகில் அடித்தன. நாலரை மணிக்குள் முடிந்துவிட்டது. மூன்றாவது தோல்வி. மூன்றும் ஒரே மாதிரி.

யாரிடமும் சொல்ல முடியாததால் இந்த நோட்டில் எழுதுகிறேன். முதலிலிருந்து எழுதினால்தான் பின்னால் படிக்கும்போது எனக்கே புரியும்.

தில்லைநகரில் டாக்டருடைய பல் மருத்துவமனை. கீழே சிகிச்சை. முதல் மாடியில் லேப். நானும் ஷமீமாவும் இன்னும் நாலு பேரும் அங்கே பல் செய்கிறோம். இரண்டாம் மாடியில் ஏசி அறை, அதில் ஆறடிக்கு நாலடி மேசை. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு டாக்டரும் அவருடைய நண்பர்களும் அங்கே போர் விளையாடுகிறார்கள். விரல்கணு உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த சண்டை. இரண்டு பக்கமும் ஒரே கோட்டு, ஒரே ஈட்டி, ஒரே துப்பாக்கி. தோளில் குறுக்கே கட்டிய துணி மட்டும் வேறு. ராஜா பக்கம் சிவப்பு, நாடாளுமன்றப் பக்கம் (நாங்கள் சபை என்போம்) காவியும் பழுப்பும் கலந்த நிறம்.

ராஜாவின் படையை டாக்டர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார். சபையின் படையை நான் செய்தேன். பல்லுக்கு அச்செடுக்கும் சிலிகானிலேயே அவருடைய பொம்மைகளுக்கு அச்செடுத்து, பிசின் ஊற்றி, பிசிறு தேய்த்து, வர்ணம் பூசினேன். நூற்று முப்பது பொம்மைகள். ஒவ்வொரு பிரிவையும் ஒட்டி நிறுத்த ஒரு தட்டு வேண்டும், பேஸ் என்பார்கள். அதையும் நானே மெழுகில் வெட்டி வார்த்தேன். மார்ச்சில் தொடங்கி ஜூனில் முடித்தேன்.

புதிதாக யார் வந்தாலும் டாக்டர் அவர்களை மேசைக்குக் கூட்டிப் போய்ச் சொல்வார்: "பாருங்க, கண்ணாடியில பாத்த மாதிரி. ரெண்டு படையும் ஒண்ணு. இங்க காசு ஜெயிக்காது, பதவி ஜெயிக்காது. மூளை மட்டும்தான்." கட்டடம் அவருடையது. மேசை அவருடையது. சம்பளம் அவர் தருவது. காசு ஜெயிக்காதாம்.

ஜூனில் என்னிடம் சொன்னார்: "எங்கள்ல யாரையாவது ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டு செலின். நீயும் மெம்பர்." மற்றவர்கள் என்னோடு ஆட ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மட்டும் ஆடுகிறார். அக்டோபரில் பெங்களூரில் போட்டி, நாலு பேர் போகலாம். ஆகஸ்ட்டோடு பெயர்ப் பட்டியல் முடிகிறது. மெம்பர் ஆகாவிட்டால் நான் மேசை போடுகிறவள்தான்.

எனக்கு இந்த விளையாட்டின் மேல் பெரிய ஆசை எல்லாம் கிடையாது. ஈட்டிக்காரர்கள் ஒரு முறைக்குப் பத்து சென்டிமீட்டர் போகலாம், குதிரை இருபது, சேற்றில் பாதி, வேலியைத் தாண்ட ஒரு முறை முழுசாகப் போய்விடும். இதெல்லாம் மேசை போடுகிறவளுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒரு பல் திரும்பி வந்தது. கீழிருந்து டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்: "ஓரம் திறந்திருக்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர். மறுபடி செய்." லென்ஸ் வைத்துப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. வெறும் கண்ணால் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று தெரியவில்லை.

மறுபடி பீங்கான் மாவை ஏற்றினேன். சூளைக்குள் போனால் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், அதனால் வேண்டிய அளவைவிடக் கொழுக்க ஏற்ற வேண்டும். நாலு வருடமாகச் செய்வது. கை யோசிப்பதே இல்லை.

ஷமீமா கேட்டாள்: "நேத்து ராஜா ஜெயிச்சாரா, நீ ஜெயிச்சியா?"

"வேலிய நகர்த்துறாருடி."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? எட்டு நிக்கிற எடத்துல ஏழுதான் நிக்குது."

"பொம்மைக்கு எடம் பத்தலேன்னு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க. நாலு பல்லு பிரிட்ஜ் கெடக்கு, சாயங்காலம் டெலிவரி. வா."

வீட்டில் அம்மா கேட்டாள், "என் பல்லு எப்பத்தான்டி வரும்?" மேலே முன்பல் மூன்று இல்லை அவளுக்கு. அச்சு எடுத்து வைத்திருக்கிறேன். நேரம் கிடைக்க வேண்டாமா. இந்த வாரம் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலை. வேலை. மின்சாரம் போய் சூளை பாதியில் அணைந்ததில் ஆறு பல் வீண்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இன்று வேலியை இரண்டு தடவை அளந்து வைத்தேன். டாக்டர் வழக்கம்போல ராஜாவின் பக்கம். நான் நேராக ஆற்றோரத்திலிருந்து ஒவ்வொரு பிரிவாக நெருக்கி நிறுத்தினேன். நடுவில் ஒரு தாள் நுழையாத அளவுக்கு நெருக்கம். எட்டாவது மறுபடி முட்டியது.

"டாக்டர், வேலி நகர்ந்திருக்கு."

"என்னது?"

"நான் வெச்ச எடத்துல இல்ல."

"தானா நடந்து போச்சா?" ரெங்கராஜ் சிரித்தார். நகைக்கடை வைத்திருக்கிறார், எதற்கும் முதலில் சிரிப்பார்.

"நடக்கல சார். நகர்த்தியிருக்காங்க."

சிரிப்பு நின்றது. விஸ்வேஸ்வரன் சார் காபி கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மின்வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களில் கொஞ்சம் நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "யாரு நகர்த்தினது?"

"வேலி உங்க பக்கம் இருக்கு."

"சரி."

"அளந்து பாத்துரலாம் டாக்டர்."

"ஆட்டம் ஆரம்பிச்சா நெலத்த அளக்கக் கூடாது. ரூல் உனக்குத் தெரியுமில்ல?" அப்படிச் சொல்லிக்கொண்டே வேலியை இரண்டு விரலால் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார். "ஆட்டம் முடிஞ்சுது."

இனி எதை அளப்பது. வெறும் பச்சைத் துணியை அளக்கலாம்.

நூற்று முப்பது அவருடையது, நூற்று முப்பது நான் செய்தது, எல்லாவற்றையும் நானே பெட்டியில் அடுக்கிவிட்டுக் கீழே வந்தேன். நாலாவது தோல்வி என்று பட்டியலில் ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் லேபுக்கு வரவில்லை. சீட்டுகள் மட்டும் வந்தன.

ஆகஸ்ட் 13, புதன்

விஸ்வேஸ்வரன் சார் போன் செய்தார்.

"ஏம்மா, ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன். மது மனசுல வெச்சுக்க மாட்டான்."

"செஞ்சது அவருன்னா சார்?"

"நாப்பது வருஷமா பழகுறேன். அவன் பொம்மை வேலிய நகர்த்துவானா? யோசிச்சுப் பாரு. நீ சாரி சொன்னா என்ன கொறஞ்சுரும்? நான் பேசி இருபத்துநாலாந்தேதி உனக்குக் கடைசியா ஒரு ஆட்டம் வாங்கித் தரேன்."

என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறவர்கள் யாரும் சொல்லிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். மதியம் கீழே போனேன். இரண்டு நோயாளிகள் உட்கார்ந்திருக்க, கதவோரம் நின்று "சாரி டாக்டர்" என்றேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே "நல்லது. ஞாயித்துக்கெழம டேபிள் போட வந்துடு" என்றார்.

போட. ஆட இல்லை.

ஷமீமா தன் பிரியாணியில் பாதியை என் டப்பாவில் தள்ளினாள். அதற்கும் எரிச்சல் வந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். டாக்டர் பேசினார், எல்லோரும் சமம் என்றார். மிட்டாய் கொடுத்தார்கள். அம்மாவுக்கு எடுத்து வந்தேன். கடிக்க முடியவில்லை, வாயில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். எங்கள் பாலக்கரை முழுக்க ஒலிபெருக்கி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று டாக்டரும் விஸ்வேஸ்வரன் சாரும் ஆடினார்கள். அதே வரைபடம், அதே ஆறு, அதே வேலி. எப்போதும் தன் சொந்தப் படையோடு வருகிற விஸ்வேஸ்வரன் சார், இன்று பழகிப் பார்க்கிறேன் என்று சபையை எடுத்துக்கொண்டார்.

நான் மேசை போடும்போது வேலியின் இரண்டு முனையிலும் துணிமேல் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஊசிமுனை அளவு. யாருக்கும் தெரியாது. பிறகு காபித் தட்டோடு வேலிக்குப் பக்கத்திலேயே நின்றேன், ஒரு நிமிடம்கூட நகரவில்லை.

விஸ்வேஸ்வரன் சாருக்கும் எட்டாவது பிரிவு முட்டியது. குனிந்து பார்த்தேன். வேலி புள்ளிமேல் இருந்தது. இரண்டு முனையும்.

"கொஞ்சம் டைட்டா இருக்கே மது," என்றார்.

"போர்க்களம்னா அப்படித்தான்."

"முன்னாடி இந்த எடம் தாராளமா இருக்கும். அம்பத்தஞ்சு வெச்சிருந்த, இல்ல? இந்தப் பொண்ணு படை பண்ணி முடிச்சப்பறம்தானே நாப்பத்தெட்டு ஆக்குன."

"ஆட்டம் சுவாரசியமா இருக்கணும்ல," என்றார் டாக்டர். "உன் டர்ன்."

விஸ்வேஸ்வரன் சாரும் வேலி ஓரச் சந்திலேயே தோற்றார். தோற்றுவிட்டுச் சிரித்தார். அவரால் சிரிக்க முடிகிறது, அவர் ஏற்கெனவே மெம்பர்.

ஆட்டம் முடிந்து அடுக்கும்போது மறுபடி பார்த்தேன். வேலி புள்ளிமேலேயே இருந்தது.

நான் சொன்னது தப்பு என்று இங்கே எழுதப்போவதில்லை. வேலி நகரவில்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ஏழு மணிக்கே லேபுக்குப் போனேன். மேலே போய் இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு பிரிவை எடுத்து வந்து வெர்னியர் அளவுகோலில் அளந்தேன்.

ராஜாவின் பேஸ் அறுபது மில்லிமீட்டர். சபையின் பேஸ் அறுபத்தொன்றரை.

இன்னொன்றை அளந்தேன். பிறகு எட்டையும் அளந்தேன். எட்டும் அறுபத்தொன்றரை.

எட்டு ஒன்றரை பன்னிரண்டு. என் படை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் அகலம். அந்த இடத்தில் அது நிற்கவே நிற்காது. யார் ஆடினாலும் நிற்காது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மெழுகில் வெட்டிய நாள் நினைவுக்கு வந்தது. ஸ்கேலில் அறுபது குறித்தேன். கத்தி கோட்டுக்கு வெளியே போனது. போக விட்டேன், சுருங்கும் என்று. பிசின் எங்கே சுருங்குகிறது. சூளை எங்கே இருக்கிறது. நாலு வருடம் பல்லைக் கொழுக்க ஏற்றி ஏற்றிப் பழகின கை, எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் சேர்த்தே வெட்டுகிறது. பல் செய்கிறவளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். தச்சன் செய்திருக்க மாட்டான். பள்ளிக்கூடப் பிள்ளை செய்திருக்காது.

கதவோரம் நின்று சாரி சொன்னது சரிதான் என்று ஆகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று எழுதத் தொடங்கினேன். எழுதி, அடித்துவிட்டேன். படை முடிந்த பிறகுதானே அவர் ஐம்பத்தைந்தை நாற்பத்தெட்டாக்கினார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஷமீமாவிடம் சொன்னேன். வெர்னியரைக் கையில் வாங்கி அவளும் அளந்தாள்.

"அட லூசு," என்றாள். "இதுக்கா பத்து நாளா சோறு எறங்கல?"

"என்ன பண்றது?"

"என்ன பண்றதா? அரைக்கிற பர் மாட்டு, சைடுக்கு முக்கால் முக்கால் தேய்ச்சு விடு, ஓரத்துக்கு பெயிண்ட் அடி. எட்டுதானே, ரெண்டு மணி நேரம். ஞாயித்துக்கெழம போ, எட்டையும் நிறுத்து, ஜெயி. யாருக்குத் தெரியப் போவுது?"

"முன்னாடி தோத்தது?"

"தோத்தது தோத்ததுதான். நீ என்ன கோர்ட்டா நடத்துற?"

அவள் சொன்னதுதான் புத்திசாலித்தனம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதிய இடைவேளையில் ஒரு பேஸைத் தேய்த்தேன். அறுபது வந்தது. ஓரத்தில் ஒரு ஈட்டிக்காரனின் செருப்பு நுனி கொஞ்சம் போய்விட்டது. அதற்கு வர்ணம் அடிக்கத் தூரிகையை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

தேய்த்து நிறுத்தி ஜெயித்தால் என்ன சொல்வார்கள்? "அப்பாடா, பொண்ணு ஒருவழியா கத்துக்கிட்டா." நாலு தடவை நான் ஆடத் தெரியாமல் தோற்றதாகவே இருக்கும். நாலு தடவையும் நான் சரியாகத்தான் ஆடினேன். இரண்டாவது ஆட்டத்தில் அவருடைய பீரங்கியைக் குதிரையால் சுற்றி வளைத்தேன், ரெங்கராஜே எழுந்து வந்து பார்த்தார். அது எங்கேயும் எழுதப்படவில்லை.

தேய்த்ததோடு சேர்த்து எட்டையும் பெட்டியில் திருப்பி வைத்தேன். ஞாயிறு எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். தப்பு என்னுடையது என்றும் சொல்வேன். சொன்னால் நியாயமான ஆட்டம் ஒன்று கிடைக்கும். ஒன்று போதும்.

அலமாரியில் பெட்டியை வைக்கும்போது பக்கத்தில் அம்மாவின் அச்சு இருந்தது. மே மாதத் தேதி. தூசி துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

பதினேழு பல். முதுகு வலி. சொல்ல வேண்டியதைப் பேருந்தில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணி. டாக்டர், விஸ்வேஸ்வரன் சார், ரெங்கராஜ். வேலியை நாற்பத்தெட்டில் வைத்தேன். டாக்டர் ராஜாவின் பக்கம் போய் உட்கார்ந்து பகடையைக் கையில் எடுத்தார்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் டாக்டர்."

"மறுபடியும் வேலியா?" என்றார். ரெங்கராஜ் சிரித்தார்.

"இல்ல. வேலி நகரல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நான் வேற ஒரு தப்பு பண்ணியிருக்கேன். சபையோட பேஸ் எல்லாம் பெருசா பண்ணிட்டேன். பீங்கான் ஞாபகத்துல சுருக்கத்துக்கு விட்டுட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணரை மில்லிமீட்டர். எட்டும் சேந்தா ஒரு சென்டிமீட்டருக்கு மேல. இந்தப் படை அந்த எடத்துல நிக்காது. இதுவரைக்கும் நின்னதும் இல்ல."

வெர்னியரை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் ராஜாவின் பேஸ் ஒன்று, என் பேஸ் ஒன்று.

விஸ்வேஸ்வரன் சார் எடுத்து அளந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை அளந்தார். "ஆமா மது. போன வாரம் எனக்கும் முட்டுச்சே."

டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் வாங்கவில்லை. தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அளந்து பார்ப்பதே தொழிலாக உள்ள மனிதர், கையை நீட்டக்கூட இல்லை.

"ஒண்ணரை மில்லிமீட்டர்," என்றார். "ஒரு சிப்பாயோட மூக்கு. அதுலயா நீ நாலு தடவ தோத்த?"

"எடைவெளிய கொஞ்சம் கூட்டிப் போட்டா..." என்றார் விஸ்வேஸ்வரன் சார்.

"மேப் போட்டாச்சு விஸ்வா. ஆளுக்கு ஆள் மாத்த முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, வலிக்காது என்று குழந்தைகளிடம் சொல்வாரே, அந்தக் குரல். "செலின், தப்பு பண்ணேன்னு ஒத்துக்கிட்ட. நல்ல குணம். ஆனா சாக்கு தேடாத. ரெண்டும் ஒரே படைம்மா. ஆடத் தெரிஞ்சவனுக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான்."

"அப்ப மாத்திக்கலாம் டாக்டர்," என்றேன்.

"என்னது?"

"பக்கத்த மாத்திக்கலாம். நீங்க சபை. நான் ராஜா. மேப் அப்படியே இருக்கட்டும். வேலியும் அப்படியே இருக்கட்டும்."

ரெங்கராஜ் சிரிக்க வாயைத் திறந்தார், டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். விஸ்வேஸ்வரன் சார் வெர்னியரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

டாக்டர் ராஜாவின் முதல் வரிசையில் ஒரு பிரிவை எடுத்து, கொஞ்சம் திருப்பி, அதே இடத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர். நீங்கதானே சொன்னீங்க."

அவர் பக்கத்துப் பிரிவை எடுத்துத் திருப்பி வைத்தார். அடுத்ததையும். எட்டும் வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி நின்றன.

கீழே யாரோ மணி அடித்தார்கள். ஞாயிறு, யாரும் போய்த் திறக்கவில்லை. பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டாவது முறை சொன்னேன். கேட்காத மாதிரி அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று இருபது. ரெங்கராஜ் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

மேசையைச் சுற்றி நடந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஜூனிலிருந்து மேசை போடுகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து களத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து எல்லாம் அகலமாகத் தெரிந்தது.

பகடை அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. உருட்டவில்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க, டாக்டர்."